இரண்டு கைக்கு இரண்டு பொத்தான்

எந்தப் பெட்டி நல்லது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அதன் முன்னால் உட்கார்ந்து கையை விடுகிறவளை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

எங்களுக்கு ஹனூர்ப் பக்கம். மகள் ஸ்வாதியின் படிப்புக்காக மைசூருக்கு வந்து, பாக்குமட்டைத் தட்டு செய்யும் கம்பெனியில் பிரஸ் ஓட்டுகிறேன். நனைத்த மட்டையைச் சூடான அச்சின் மேல் விரித்து, இரண்டு பக்கமும் உள்ள பொத்தான்களை இரண்டு கையாலும் அழுத்தினால் மேல் அச்சு இறங்கித் தட்டாக அமுக்கும். கைகள் பொத்தானில் இருந்தால் அச்சுக்குள் இருக்காது, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் எங்களுக்குக் கூலி தட்டுக் கணக்கில். அதனால் இடப்பக்கப் பொத்தானில் ஒரு மட்டைச் சில்லைச் செருகி, அமுங்கியபடியே நிறுத்திவிடுவோம். ஒரு கை மிச்சமாகும். அது அடுத்த மட்டையை எடுக்கும், உள்ளே கோணிக்கொண்டதை நேராக்கும். முதலாளி தலை தெரிந்தால் சில்லை முந்தானை மறைத்துக்கொள்ளும்.

முதலாளி யக்ஞநாராயணன் ரயில்வேயில் ஓய்வு பெற்று இந்தத் தொழிலுக்கு வந்தவர். பொத்தானை அமுக்கியதும் அச்சை இறக்குகிற கன்ட்ரோல் பெட்டியை எல்லா பிரஸ்ஸிலும் புதிதாக மாற்றக் கிளம்பினார். ஒன்றுக்குப் பெங்களூர் டீலர் பெரிய கம்பெனி ஒன்று செய்த பெட்டியை மாட்டினான், பி.எல்.சி. என்று அதற்குப் பெயர். பக்கத்து பிரஸ்ஸுக்கு, படிப்பை முடித்துவிட்ட ஸ்வாதி தன் கையாலேயே சாலிடர் வைத்துச் செய்த போர்டு. மண்டி மொஹல்லாவில் ஒரு மாடியறைதான் அவளுடைய கம்பெனி. இரண்டையும் ஓட்டிப் பார்த்து, ஜெயிக்கிறதை எல்லா பிரஸ்ஸுக்கும் போடுவதாகப் பேச்சு.

"விலை கம்மி, ஒத்துக்கறேன்" என்றார் முதலாளி. "நாளைக்கு நீ கல்யாணம் பண்ணிண்டு போயிட்டா இதை யார் ரிப்பேர் பண்ணுவா? அந்தப் பெட்டின்னா எந்த ஊர்லயும் ஆள் கிடைப்பான்."

"ப்ரோக்ராம், சர்க்யூட் எல்லாம் உங்க கையிலயே குடுத்துடறேன் சார். டீலர் ஃபோன் எடுக்கறதுக்குள்ள நான் ஸ்கூட்டர்ல வந்து நிப்பேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவ்வளவு நம்பிக்கைன்னா உங்கம்மாவையே உன் மெஷின்ல உட்கார வை."

உட்கார்ந்தேன். என் பிரஸ் பறந்தது. காரணம் எங்களுக்கு மட்டும் தெரியும். கம்பெனிப் பெட்டி பொல்லாதது. ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு பொத்தானையும் விட்டு, மறுபடி சேர்த்து அழுத்தினால்தான் அசையும். சில்லு செருகினால் முறைத்துக்கொண்டு நிற்கும். ஸ்வாதியின் போர்டு அப்பாவி, செருகினாலும் ஓடியது. 'உன் மகள் மெஷின் தங்கம்' என்று பெண்கள் சொல்லச் சொல்ல எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முடிவு சொல்லும் நாளுக்கு முந்தின மதியம், பக்கத்து வெல்டிங் பட்டறையில் மும்முரமாக வேலை நடந்துகொண்டிருந்தது. மட்டை கோணிக்கொண்டது. உள்ளே கைவிட்டு நேராக்கி, விரலை எடுத்தேன். எடுத்த மறுகணம் அச்சு இறங்கியது. வலப்பக்கப் பொத்தானை நான் தொடவே இல்லை. சத்தியமாகத் தொடவில்லை. யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் ஸ்வாதியிடம் சொன்னேன்.

"சில்லா? எந்த சில்லு?" என்றாள்.

சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "இத ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"உனக்கெதுக்குக் கண்ணு அதெல்லாம்? அல்லாரும் செய்யறதுதான. வெளிய சொன்னா கூலி போயிருமல்லோ."

"வெல்டிங் வைக்கறப்ப ஒயர்ல சின்னதா ஒரு கரண்ட் பாயும்மா. பட்டன் அமுத்திட்டாங்கன்னு போர்டு ஏமாந்திருக்கு. ரெண்டு பட்டன்லயும் ஒரே நேரத்துல அப்படி ஏமாறுறது கஷ்டம். நீ ஒண்ண அமுக்கியே வெச்சிருக்க."

"சரி பண்ண முடியாதா?"

"முடியும். ஒயர் மாத்தணும், சில்லு செருகினா ஓடாத மாதிரி ப்ரோக்ராம் மாத்தணும். அப்புறம் தட்டு கொறஞ்சிடும். கம்பெனிப் பெட்டி மாதிரியேதான் ஓடும்னா என்னை எதுக்குமா எடுப்பாரு?" சர்க்யூட் நோட்டை எடுத்துப் புரட்டிவிட்டு மூடினாள். "ஆர்டர் கைக்கு வரட்டும், அப்புறம் மாத்திடறேன். நாளைக்கு ஒரு நாள் செருகாம ஓட்டு. யார்கிட்டயும் சொல்லாத. கொத்தாய்த்தா? புரிஞ்சுதா?"

பயம் வந்தால் அவளுக்குக் கன்னடம் வந்துவிடும். நான் தலையாட்டினேன். அந்த மாடியறையில் அவள் எத்தனை பாடுபட்டாள் என்று பார்த்தவள் நான்.

மறுநாள் சில்லில்லாமல் உட்கார்ந்தேன். முதலாளி வலப்பக்கம் வந்து நின்றார். முடிவு கேட்க வந்த ஸ்வாதி இடப்பக்கச் சுவரோரம்.

"என்னம்மா பழனாத்தா, நேத்து பறந்தே, இன்னிக்கு நகர்றே?"

"மணிக்கட்டு வலிங்க" என்று புளுகினேன்.

"வலின்னா ஏன் உட்கார்றே? எழுந்திரு. தேவம்மா, நீ வா."

தேவம்மா எனக்குப் பக்கத்து பிரஸ்காரி, கை வேகத்தில் எல்லாரையும் மிஞ்சியவள். தங்கமான மெஷின் கிடைத்த சந்தோஷத்தில் உட்கார்ந்தாள். முதலாளி நின்ற பக்கம் முந்தானையை இழுத்துவிட்டாள், மறைவில் சில்லைச் செருகினாள். அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் ஸ்வாதிக்கும் தெரிந்தது.

தட்டு தட்டாக விழுந்தது. முதலாளி முகம் மலர்ந்தது.

அப்போது பக்கத்துப் பட்டறையில் ஷட்டரை ஏற்றினார்கள். ஜன்னல் வழியாக வெல்டிங்கின் நீல வெளிச்சம் வெட்டியது. தேவம்மாவின் இடது கை அச்சுக்குள் போய் வந்தது, மறுபடி போனது. வாயைத் திறந்தால் என் மகள் பிழைப்பு போய்விடும். மூடியிருந்தால் அந்தக் கை. ஸ்வாதியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படியா வளர்த்தேன் என்று கோபம் வந்தது. பிறகுதான் உறைத்தது, நானும் வாய் மூடித்தான் நிற்கிறேன்.

"சபாஷ். ஸ்வாதி, உன்னோடதுதான்" என்று முதலாளி கை நீட்டினார்.

அவள் அந்தக் கையைத் தாண்டிப் போய் மெயின் சுவிட்சை இழுத்து இறக்கினாள்.

"என்ன பண்றே நீ?"

ஸ்வாதி குனிந்து பொத்தானிலிருந்து சில்லைப் பிடுங்கி அவரிடம் கொடுத்தாள். "இத செருகிதான் சார் வேகமா ஓடுது. பக்கத்துல வெல்டிங் வெச்சா இது தானா எறங்கும். நேத்து எங்கம்மா கை தப்பிச்சது. எனக்கு நேத்தே தெரியும் சார். அந்தக் கம்பெனிப் பெட்டியையே போட்டுக்கோங்க." குரல் உடைந்து அழுதுவிட்டாள்.

முதலாளி சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு பிரஸ்ஸாகப் போய்க் குனிந்து பார்த்தார். போகிற இடமெல்லாம் சில்லு. அன்றே டீலருக்கு ஃபோன் போனது. ஸ்வாதி தன் போர்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். அவளைத் தடுத்து நிறுத்தி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல அங்கே ஓர் ஆள் இல்லை. எனக்கு நெஞ்சு வலித்தது. அதைவிடப் பெரிய நிம்மதியும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

இப்போது எல்லா பிரஸ்ஸிலும் கம்பெனிப் பெட்டி. சில்லு செல்லாது. கூலி குறைந்ததற்கு எல்லாரும் என்னைத்தான் கரித்துக்கொட்டுகிறார்கள். தேவம்மா வாய் ஓய்வதே இல்லை. "எனக்கு ஒண்ணும் ஆகலையே! நல்லா ஓடின மெஷின நிறுத்தி, எங்க வயித்துல மண்ணப் போட்டாளே உன் மக!"

சொல்லிக்கொண்டே மட்டையை விரிப்பாள். என் மேலுள்ள ஆத்திரத்தில் இரண்டு கையாலும் இரண்டு பொத்தானையும் ஓங்கி அடிப்பாள். இரண்டு கையும் சேர்ந்து அடிக்கிற அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை திட்டட்டும் என்று விட்டுவிடுகிறேன்.