குழல் நிமிராத பீரங்கி

பல்லு என்று தெருவே கூப்பிடுகிறவனுக்குப் பற்கள் சுமார்தான். பொய்ப்பல் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலை. அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்காக ரெசின் என்கிற பிசினை வார்ப்பான். விடுமுறை வந்தால் உப்புத்தாளும் கத்தியுமாக உட்கார்ந்து அதே ரெசினில் பொம்மைப் பீரங்கி செய்வான். "கடிக்கவும் அடிக்கவும் ஒரே சாமான்" என்று சொல்லித் தானே சிரித்துக்கொள்வான். வீட்டில் வேறு யாரும் சிரிப்பதில்லை.

அவன் அண்ணன் போரிலிருந்து திரும்பிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. கை, கால், விரல் எல்லாம் எண்ணிக்கை குறையாமல் வந்து சேர்ந்தன. பேச்சு மட்டும் வரவில்லை. "சாப்டியா?" என்றால் "ம்". "தூங்கினியா?" என்றால் அதே "ம்". "வீடு பத்தி எரியுதுண்ணே" என்று ஒருநாள் தம்பி சோதித்துப் பார்த்தான். அதற்கும் "ம்" தான். ஜன்னலோரம் நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார்கள். அண்ணன் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

அம்மாவிடம் ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அதைச் சொல்வாள். "எம்புள்ள பீரங்கிப் படைங்க. இங்க சுட்டா பத்து மைலுக்கு அந்தப் பக்கம் போய் விழும். யார் மொகத்தையும் அவன் பாத்ததே இல்ல." தபால்காரர் இதை மூன்று முறை கேட்டிருந்தார். காலையில் அந்த வாக்கியத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்தாள்; அதன்மேல் தலையை வைத்துத்தான் படுத்தாள்.

தம்பியின் ஆசை பெரிதல்ல. அண்ணன் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வர வேண்டும். தன்னைத் திட்டுகிற வாக்கியமாக இருந்தாலும் பரவாயில்லை. அதற்காகத்தான் அண்ணன் சுட்ட அதே ரகப் பீரங்கியின் ரெசின் பாகங்கள் அடங்கிய பெட்டியை வாங்கினான். நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு, உள்ளங்கையில் உட்காரும். ரகம் போன தலைமுறைப் போரில் செய்தது. அண்ணன் காலத்திலும் அதையேதான் இழுத்துக்கொண்டு போனார்கள். அரசாங்கம் மனிதர்களை எறிந்தாலும் எறியும், சாமானை எறியாது.

ஐந்து வாரம் உழைத்தான். வளைந்திருந்த குழலை வெந்நீரில் போட்டு நிமிர்த்தினான். கவசத் தகட்டை ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்தான். சக்கரத்தின் ஒவ்வொரு திருகையும் ஊசி முனையால் செதுக்கினான். அண்ணன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மதியம் தொழில் புத்தி காலை வாரிவிட்டது. ரெசினை ஊற்றும் வாயில் மிஞ்சி நிற்கும் முளையைப் பொய்ப்பல்காரன் கண்டவுடன் வெட்டுவான். யோசித்து வெட்டினால் மாலைக்குள் நாற்பது பல் முடியாது. குழலின் இருபுறமும் இரண்டு முளைகள் துருத்திக்கொண்டு நின்றன. சரக், சரக். வெட்டிய பிறகுதான் படத்தைப் பார்த்தான். அவை மிச்சமல்ல. குழல் மேலும் கீழும் ஆடுவதற்கான அச்சு.

இனி இந்தப் பீரங்கி ஆடாது. ஏதாவது ஒரு கோணத்தில் நிரந்தரமாக ஒட்டியாக வேண்டும். மறுநாள் காலை, இப்படிப் பொம்மை செய்கிறவர்களின் சங்கத்தில் கண்காட்சி.

"அண்ணே, ஒரு முட்டாள்தனம் பண்ணிட்டேன்" என்றான்.

"ம்."

"ஆச்சரியப்படுற மாதிரியாவது நடியேன். குழல எந்தச் சாய்வுல ஒட்டறது? பொட்டியில போட்ட படத்துல வானத்தப் பாத்து நிக்குது. அப்படியே வைக்கவா?"

நாற்காலி கிரீச்சிட்டது. அண்ணன் எழுந்து வந்து மேசை ஓரத்தில் நின்றான். தம்பி இரண்டு விரலால் குழலைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

"எறக்கு" என்றான் அண்ணன்.

தம்பி சட்டென்று குழலைத் தாழ்த்தினான். ஒரு சொல்! "இவ்ளோவா?"

"இன்னும்."

"இது?"

"இன்னும் எறக்கு."

"இதுக்கு மேல எறக்கினா தரையத்தான் சுடும்ணே."

"தரை இல்ல" என்றான் அண்ணன். "தெரு."

குழல் இப்போது மேசை விளிம்பைப் போலக் கிடையாக இருந்தது. தம்பி சிரிக்க வாயைத் திறந்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டான். தோட்டத்துக்குத் தண்ணீர் அடிப்பவனுக்குத் தெரிந்த கணக்குதான். தூரத்துச் செடிக்கு அடிக்க வேண்டுமானால் குழாய் நுனியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். காலடிச் செடிக்கு நேராகப் பிடித்தால் போதும். பத்து மைலுக்குச் சுடுகிறவன் வானத்தைப் பார்ப்பான். கிடையாகச் சுடுகிறவன் எதிரில் நிற்பதைப் பார்ப்பான்.

அண்ணன் அவன் கையிலிருந்து குழலை வாங்கிக்கொண்டான். தம்பி வேறு வழி தெரியாமல் பசையைத் தொட்டு வைத்தான். காய்கிறவரை அண்ணனே பிடித்திருந்தான். காய்ந்த பிறகும் பிடித்திருந்தான். கடைசியில் இழுத்தபோது கட்டைவிரல் தோல் கொஞ்சம் குழலோடு போயிற்று. பிறகு நாற்காலிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

டீ கொண்டுவந்த அம்மா, "ஏன்டா இது தொங்கிப்போய்க் கெடக்கு? மேல பாக்க வேணாமா?" என்றாள்.

"வார்ப்பு கோணல்மா. நிமிராது." பொய் பல்லுவுக்குப் பழகிய தொழில். ஆனால் அன்று அம்மா முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

குழலைப் பெயர்த்து வானத்தைப் பார்க்க வைக்கலாம். கத்தியை எடுத்து இரண்டு முறை கீழே வைத்தான். சாம்பல்பச்சை பூசினான். அண்ணன் கட்டைவிரல் பதிந்த ரேகையை மட்டும் தேய்க்கவில்லை.

ஞாயிறு காலை அண்ணன் தானாகவே சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "நானும் வரேன்" என்று பையை எடுத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் மேசை மேசையாகப் போர் நடந்துகொண்டிருந்தது. ரத்தம் மட்டும் இல்லை. நடுவருக்குச் சங்கத்தில் திருகாணி என்று பெயர். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. பூதக்கண்ணாடியில் திருகுகளை எண்ணி மதிப்பெண் போடுவார்; இதுவரை ஒரு பட்டாசு வெடித்ததற்குக் கூட அவர்மேல் புகார் கிடையாது. பல்லுவின் மேசைக்கு வந்ததும் தன் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"சக்கரம் பிரமாதம். தகடு பிரமாதம். குழல்ல என்னப்பா இது, கைரேகையா? ஒரு மார்க் போச்சு."

"போகட்டும் சார்."

"அதவிடப் பெரிய தப்பு இருக்கே. இந்த ரகம் பின்னாடி நின்னு தூரத்துக்குச் சுடற ரகம். கொழந்தைக்குக் கூடத் தெரியும். இப்படிப் படுக்க வச்சு யாரும் சுட மாட்டாங்க."

பின்னால் அம்மா உற்சாகமானாள். "அதத்தான் நானும் சொன்னேங்க. எம்புள்ளயே இதுலதான் இருந்தான். பத்து மைலுக்கு அந்தப் பக்கம் போய்..."

"என் தப்புதான் சார்" என்று தம்பி அவசரமாகக் குறுக்கே விழுந்தான். "அச்ச வெட்டிட்டேன். அஞ்சு மார்க் வேணா கொறச்சுக்கங்க. பத்துக்கூடக் கொறச்சுக்கங்க. அடுத்த மேசைக்குப் போங்க."

"சுடுவாங்க" என்றான் அண்ணன்.

திருகாணி நிமிர்ந்து பார்த்தார். "புத்தகத்துல அப்படி இல்லையே."

"புத்தகத்துல இருக்காது. தெரு முனையில கொண்டுபோய் நிறுத்துனோம். குறி பாக்கற கண்ணாடி ஒடஞ்சு போச்சு. குழல் ஓட்டை வழியாவே பாத்தோம். அந்தப் பக்கம் கடைசி வீடு தெரிஞ்சுது. நான்தான் பாத்து சரின்னு சொன்னேன்."

தம்பி ஒரு வாக்கியம் கேட்டிருந்தான். வந்ததில் ஒன்றையாவது உள்ளே திருப்பி அனுப்ப முடியுமா என்று அண்ணன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அம்மா பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். "இல்லப்பா" என்றாள். "நீ யார் மொகத்தையும்..."

"பாத்தேம்மா."

பக்கத்து மேசையில் யாரோ ஒரு சின்ன விமானத்துக்குக் கைதட்டினார்கள். அம்மா திரும்பி, நடுவர் தோளைத் தட்டி எழுப்பினாள். எதற்கு என்று புரியாமலே திருகாணி எழுந்து, பேனாவும் பூதக்கண்ணாடியுமாக நின்றார். அவர் நாற்காலியை அம்மா தரையில் கரகரவென்று இழுத்து, சுவரைப் பார்க்காமல், தன்னைப் பார்த்தபடி போட்டாள்.

"உக்காரு" என்றாள் மகனிடம். "யாரப் பாத்த? சொல்லு."