நோய் முன்னேற்றம்

அன்று மருத்துவமனையின் ஆய்வு அறையில் இருந்தவர்கள் மூன்றே பேர்: சிறுநீரக நோய்க்கான புது மருந்தை ஆராய்ந்த டாக்டர், அந்த முடிவை நோயாளிகளுக்குப் புரியும்படி ஒரு பக்கத்தில் எழுதித் தரும் அவர் தங்கை, பரிசோதனைக்கு வந்திருந்த தங்கையின் மாமனார். மானம் மரியாதை என்று வந்துவிட்டால் மூவரில் யாரும் யாருக்கும் இளைத்தவரில்லை.

தாள் மாலைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். கீழே அண்ணன் பெயரும் தங்கை பெயரும் சேர்ந்தே இருக்கும். தங்கை எழுதியதில் ஒரே ஒரு இடத்தில் அண்ணன் கைவைத்திருந்தார்: "பழைய மருந்தில் பத்தில் ஐவரிடமும், புதிய மருந்தில் பத்தில் மூவரிடமும் நோய் முன்னேற்றம் காணப்பட்டது."

"இது வேண்டாம்ணா. தப்பா புரிஞ்சுக்குவாங்க."

"பாடப் புத்தகத்துலயே அப்படித்தான் இருக்கு. உனக்காக மருத்துவத்தையே மாத்தணுமா, வாத்தியாரம்மா?"

அவள் மேற்கொண்டு வாதாடவில்லை. எந்த வாக்கியத்தையும் படிக்கப்போகிறவர் கையில் கொடுத்துப் பார்த்தால் போதும் என்பது அவள் கட்சி. தாளை மாமனார் பக்கம் நகர்த்தினாள்.

"மாமா, படிச்சிட்டு என்ன தோணுதுன்னு சொல்லுங்க."

போன மாதம்தான் டாக்டர் அவரைப் புதிய மருந்துக்கு மாற்றியிருந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தவரின் முகம் கறுத்தது.

"என்ன தம்பி இது? பழசுல அஞ்சு பேர் முன்னேறியிருக்கான், உங்க புதுசுல மூணே பேரா? சம்பந்தி வீடாச்சேன்னு நம்பி வந்தா என் தலையிலயே கைவச்சிட்டீங்களே! நாளையிலிருந்து எனக்குப் பழைய மாத்திரைதான்."

டாக்டர் அவசரமாகக் குறுக்கிட்டார்.

"மாமா... முன்னேறினது நோய். ஆள் இல்ல."

"நோய் எப்படிய்யா முன்னேறும்? அது என்ன பரீட்சை எழுதுதா?"

தங்கை அதற்குள் எழுதி முடித்திருந்தாள்: "பழைய மருந்து சாப்பிட்ட பத்துப் பேரில் ஐந்து பேருக்கு நோய் முற்றியது. புதிய மருந்து சாப்பிட்ட பத்துப் பேரில் மூன்று பேருக்கு முற்றியது."

"முற்றியதுன்னு போட்டா பயந்துடுவாங்களேம்மா," என்றார் டாக்டர். குரல் இறங்கியிருந்தது.

"பயந்தா உங்ககிட்ட வந்து கேப்பாங்க. உங்க வாக்கியத்தைப் படிச்சா கேக்காமலே மருந்தை மாத்திடுவாங்க. இப்பப் பாத்தீங்கல்ல?"

மாமனார் எட்டிப் பார்த்துப் படித்தார்.

"அட, அப்போ புதுசுதானே நல்லது! இதைச் சொல்றதுக்கா இவ்வளவு சுத்து?"

மருமகளை வைத்து மாமனாரும், மாமனாரை வைத்து மருமகளும் அண்ணனை மட்டம் தட்டிவிட்டதாகவும், அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனதாகவும் உறவில் ஒரு பேச்சு உலவுகிறது. அப்படி நடக்கவில்லை. டாக்டர் எங்கும் போகவில்லை. தன் வாக்கியத்தைத் தன் கையாலேயே அடித்து, தங்கையின் வாக்கியத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பினார்.