கழுத்து வரை நிறைந்த பாட்டில்

சேகோ மில்லின் பின்பக்கம் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போவார்கள். ஜவ்வரிசிக்காக மரவள்ளிக் குச்சிக்கிழங்கை அரைத்துப் பாலெடுத்த பிறகு மிஞ்சும் சக்கை, திப்பி என்பார்கள், அங்கேதான் குவிந்து புளித்துக் கிடக்கும். கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், மில் மேனேஜர் ஸ்தனிஸ்லாஸின் மனைவி, அந்த நாற்றத்தில் குனிந்து குனிந்து என்ன தேடுகிறாள் என்று நல்லம்பள்ளியே சிரித்தது. இசபெல்லா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவள் தேடியது ஒரு பூஞ்சையை. திப்பியைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்து அதில் விட்டால், தின்று கொழுக்கும். அப்படிக் கொழுத்ததைக் காயவைத்தால் அதிலிருந்து மஞ்சளாக எண்ணெய் எடுக்கலாம். தாய்ப்பாலில் உள்ள, நம் சமையல் எண்ணெயில் இல்லாத, உடம்புக்கு நல்லதான ஒரு கொழுப்பு அமிலம் அதில் இருக்கும் என்று அவள் நம்பினாள். சோதித்துச் சொல்லும் மெஷின் மெட்ராஸில் அவளுடைய பழைய பேராசிரியரிடம் இருந்தது. எண்ணெய் தேறினால் தன் லேபிலேயே இடம் தருகிறேன் என்றும் சொல்லியிருந்தார். எண்பத்தாறாம் வருஷத்துக் கோடை முழுக்க மாடாய் உழைத்தும் பாட்டிலில் கால்வாசிதான் சேர்ந்தது. மில் வேலையாக மெட்ராஸ் போன கணவனிடம் அதைக் கொடுத்தனுப்பினாள்.

அடுத்த மாதம், பெங்களூர் போகிற வழியில் பேராசிரியர் மில்லுக்கே வந்து இறங்கினார். முதலாளி ராஜப்பன் இரண்டு வியாபாரிகளோடு பேசிக்கொண்டிருந்தார். ஸ்தனிஸ்லாஸ் பக்கத்தில் நின்றிருந்தான். பின்பக்கத்திலிருந்து இசபெல்லாவையும் கூப்பிட்டார்கள். உட்காரச் சொல்லியும் பேராசிரியர் உட்காரவில்லை. பாட்டில் நிறைய வந்ததில் முக்கால்வாசி கடலை எண்ணெய், யாரை ஏமாற்றப் பார்த்தாய் என்று எல்லார் முன்னாலும் இசபெல்லாவைக் கேட்டார்.

"நான் குடுத்தது கால் பாட்டில்தானுங்க சார்" என்றாள்.

சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. சேகோ தொழிலில் சேம்பிள் என்றால் அது ஒரு தனி ஜோடனை. மூட்டையில் இருப்பதை அப்படியே அள்ளிக் காட்டுகிறவனைப் பிழைக்கத் தெரியாதவன் என்பார்கள். வெள்ளை வெளேரென்று, ஒரே அளவாகப் பொறுக்கித்தான் பொட்டலம் கட்டுவார்கள். வாங்குகிறவனுக்கும் தெரியும், ஆனால் வாய்விட்டுச் சொல்லமாட்டான். அதிலேயே ஊறிய மனுஷன், கால் பாட்டிலை நீட்டினால் பெண்டாட்டிக்கு மரியாதை இல்லையென்று கழுத்து வரை ரொப்பியிருக்கிறான். பாவி, ஆசையாகத்தான் செய்திருப்பான். அதை நினைத்தபோது அவளுக்குக் கோபம்கூட முழுசாக வரவில்லை.

பேராசிரியர் கொஞ்சம் தணிந்தார். கலந்தது யாரென்று தெரிந்தால் இன்னொரு சேம்பிள் வாங்கிக்கொள்கிறேன், இல்லையென்றால் இத்தோடு சரி என்றார்.

இசபெல்லா கணவனைப் பார்த்தாள். "ஏங்க, சொல்லுங்க."

அவன் ராஜப்பனைப் பார்த்தான். வியாபாரிகளைப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றான். "அந்தம்மா குடுத்தாங்க, அப்படியே கொண்டாந்து குடுத்தேன்."

அந்தம்மாவாம். எட்டு வருஷம் ஒரே பாயில் படுத்தவளை, மாதா கோயிலில் மோதிரம் மாற்றிக்கொண்டவளை, யாரோ ஒரு பொம்பளை ஆக்கிவிட்டான். இசபெல்லாவுக்கு நெஞ்சு எரிந்தது. ஒரு வார்த்தையில் அவனைப் பொய்யனாக்கியிருக்கலாம். ஆனால் அவன் சொல்லாததை அவள் சொன்னால் மாட்டிக்கொண்டவள் புருஷன்மேல் பழிபோடுகிறாள் என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். பேராசிரியரின் கார் கிளம்பிப் போனது. ராஜப்பன் வியாபாரிகளுக்கு டீ வரவழைத்தார்.

ஸ்தனிஸ்லாஸ் அவளைத் தேடிப் பின்பக்கம் வந்தான். வியாபாரிங்க முன்னால, மேனேஜரே சேம்பிளில் கை வைக்கிறான் என்று எப்படி ஒத்துக்கொள்வது, மில் பேர் என்னாவது என்று அவளைக் கேட்டான். அவள் குனிந்து திப்பியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"யோசிச்சுப் பாரு. நான் சொல்லியிருந்தா நம்ம ரெண்டு பேர் பேரும் கெட்டுப் போயிருக்கும். இப்ப உன் பேரோட போச்சு. வா, வூட்டுக்குப் போலாம்."

அவன் முகத்தில் கொஞ்சமாவது வெட்கம் இருக்கும் என்று நம்பித்தான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். குடும்பத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதிதான் இருந்தது.