மிஸ்டர் மாமா

காது பரிசோதனைக்கூடத்தில் ஓரகத்திகள் இரண்டு பேருக்கும் வேலை. மூத்தவள் பிள்ளைகளுக்கு ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்வாள். மெஷின் பிள்ளைக்கொரு டெக்ஸ்ட் ஃபைலைத் துப்பும். அவற்றை ஒரே அட்டவணையாகச் சேர்க்க இளையவள் வீட்டில் உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். இன்று அது கூடத்துக் கம்ப்யூட்டரில் ஓடாவிட்டால் வேலையை வெளியாளிடம் கொடுத்துவிடுவதாக டாக்டர் சொல்லியிருந்தார்.

ஓடவில்லை. ஃபைலே இல்லை என்றது. எப்படி இருக்கும்? வரிக்கு வரி, ஃபைல்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த பாதையை, புருஷன் பெயரிலிருந்த ஃபோல்டர் உட்பட, அப்படியே எழுதி வைத்திருந்தாள்.

"இங்க வந்தும் என் கொழுந்தனையேதான் தேடுதா?" என்று மூத்தவள் சீண்டினாள்.

இளையவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லா வரியிலும் பாதையை மாற்றலாம். நாளைக்குக் கம்ப்யூட்டர் மாறினால் மறுபடி முதலிலிருந்து. அதனால் மேலே, பாதைக்குப் பதிலாக நிற்கும் பெயராக, 'இடம்' என்று ஒரு வேரியபிள் வைத்து, இந்தக் கம்ப்யூட்டரின் பாதையை அதற்குள் ஒரே ஒரு முறை எழுதினாள். கீழே பழைய பாதை வந்த இடத்திலெல்லாம் 'இடம்' என்று போட்டாள். ஓட்டினாள். 'இடம்' என்ற ஃபோல்டர் இல்லை என்று வந்தது.

டாக்டர் எட்டிப் பார்த்து, மதியத்துக்குள் முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

"நான் வச்ச பேரையே போய்த் தேடுதுக்கா. மூளையில்லாத ஜென்மம்."

"மாமாவுக்கு ஆன்லைன்ல செருப்பு வரவழைச்சப்ப, பேரு போடுற இடத்துல நீ என்ன எழுதின?"

"மாமான்னு."

"கொண்டு வந்தவர் வாசல்ல நின்னு, மிஸ்டர் மாமா இருக்காரான்னு கேட்டாரு. மாமான்னா நம்ம மாமனார்னு நமக்குத் தெரியும். அவருக்கு அது வெறும் எழுத்துதானே?"

இளையவள் திரைக்குத் திரும்பினாள். பழைய பாதை மேற்கோள் குறிகளுக்குள் இருந்தது. அதை அழித்தவள், அந்தக் குறிகளுக்குள்ளேயே 'இடம்' என்று எழுதியிருந்தாள். உள்ளே இருப்பதெல்லாம் புரோகிராமுக்கு வெறும் எழுத்து. ஒவ்வொரு வரியிலும் 'இடம்' என்பதை மட்டும் குறிக்கு வெளியே எடுத்து, ஃபைல் பெயரோடு சேர்த்தாள்.

ஃபைல்கள் மளமளவென்று அட்டவணைக்குள் வந்து இறங்கின.

டாக்டர் அட்டவணையை மேலிருந்து கீழே பார்த்தார். சில பிள்ளைகளை மறுபடி வரச் சொல்ல வேண்டும் என்றார். பிறகு, கிளைக்கூடத்திலும் இது ஓடுமா என்று கேட்டார்.

"ஒரு வரிய மாத்தினா போதும், டாக்டர்."

"அப்ப அடுத்த வாரத்துல இருந்து அந்த வேலையையும் நீங்களே பாருங்க."

மூத்தவள் அடுத்த பிள்ளைக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"அங்க போறப்பவாவது உன் புருஷன வீட்டுல விட்டுட்டுப் போ."