முதலில் வைத்த பாகம்

மரகதம் திங்கட்கிழமை காலை பதினொன்றே காலிலிருந்து சமையலறையில் அசையாமல் நிற்கிறாள். தப்பு அவள் கணவன் வெள்ளிங்கிரியுடையது. அவனும் இல்லை என்று சொல்லவில்லை.

அவன் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் டிசைனர். ஹைட்ராலிக் பம்ப்புகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து, உள்ளே எண்ணெயை ஓடவிட்டுப் பார்ப்பது வேலை. பம்ப் எத்தனை பெரிது என்று வாங்குகிறவருக்குப் புரிய, பக்கத்தில் ஓர் ஆள் உருவத்தை நிறுத்துவது வழக்கம். அவனுக்கு அளவு தெரிந்த ஆள் மரகதம் ஒருத்திதான். ஐந்தடி ஒன்று. நிறுத்தினான்.

நிறுத்தியதில் தப்பில்லை. முதலில் நிறுத்தியதுதான் தப்பு. அந்த மென்பொருளில் முதலில் கொண்டுவந்து வைக்கும் பாகம் தானாகவே அசையாததாகிவிடும். மற்றதெல்லாம் அதை நம்பித்தான் சுற்றும். அதனால் பம்ப்பின் வெளிக்கூடான பாடியைத்தான் முதலில் வைக்க வேண்டும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்குக்கூட இது தெரியும். பன்னிரண்டு வருஷ அனுபவஸ்தன் மறந்து தொலைத்தான்.

மரகதம் கோபப்படவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் குழாய் அவளிடம் வந்தது. அடுப்பு வந்தது. செவ்வாய்க்கிழமை மாடிப்படி வந்து, அவள் எதிரே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது.

"கால் வலிக்குதா?" என்று வெள்ளிங்கிரி கேட்டான்.

"வலியில்லீங்க. கீழ எண்ணெய் ஓடற சத்தந்தான் நிக்கவே மாட்டேங்குது."

புதன்கிழமை காலை அவள் வலது கை நீலமாகியிருந்தது. வெள்ளிங்கிரியின் கம்ப்யூட்டர் திரையில் அழுத்தம் குறைந்த இடமெல்லாம் அதே நீலம். அழுத்தம் குறைந்தால் எண்ணெயில் குமிழி கட்டும். குமிழி உடைந்தால் இரும்பையே அரிக்கும். அவள் முழங்கையில் கடுகளவு குழிகள் ஏழு இருந்தன. ரத்தம் இல்லை. ஆறு மாதம் இப்படி ஓடிய பம்ப்பைத் திறந்தால் உள்ளே எப்படி இருக்கும் என்று அவன் பார்த்திருக்கிறான்.

மேனேஜர் தேவசகாயத்திடம் போனான்.

"சம்சாரத்த விடுவிக்கோணும் சார்."

தேவசகாயம் முடிவுகளைப் புரட்டினார். "பம்ப் துளி அதிராம ஓடுது வெள்ளிங்கிரி. நம்ம கம்பெனியில இப்படி ஓடினதே இல்ல. அவங்களாலதான்."

"அவ கைய அரிக்குது சார்."

"எந்தக் கை?"

"வலது."

"அது டிராயிங்ல இல்லையே." தேவசகாயம் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நாளைக்கு ஃபவுண்டரிக்குப் போகுது. வார்த்துட்டா மாத்த முடியாது. மாத்தறதுன்னா இன்னைக்கே மாத்து. ஏதாவது ஒண்ணு அசையாம நிக்கணும், அவ்வளவுதான்."

வெள்ளிங்கிரி முதலில் பம்ப் பாடியை நிறுத்திப் பார்த்தான். அது நிற்கவில்லை. மூன்று நாளாக மரகதத்தைச் சுற்றியே பழகிவிட்டது. மெல்ல நகர்ந்து திரையின் ஓரத்துக்குப் போய், அங்கிருந்து திரும்பிப் பார்த்தது. ஆள்தான் வேண்டும் என்று அவனுக்குப் புரிந்தது.

வீட்டுக்குப் போன் செய்தான்.

"என் உயரம் எவ்வளவு மரகதம்?"

"அஞ்சடி ஏழுங்க. எதுக்கு?"

"சும்மா."

போனில் எண்ணெய்ச் சத்தம் கேட்டது.

"வேண்டாமுங்க," என்றாள். "எனக்குப் பழகிடுச்சு."

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தான். ஐந்தடி ஏழு என்று தட்டினான். அவளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தன்னை நிறுத்தினான். பயமாகத்தான் இருந்தது. பயத்தோடேயே ஓட்டம் என்ற பொத்தானை அழுத்தினான்.

மவுஸின் மேலிருந்த கை அப்படியே நின்றது. நாற்காலிக்குக் கீழே எண்ணெய் ஓடத் தொடங்கியது. போனில் ஒரு பாத்திரம் உருண்டது. பிறகு காலடிகள் கேட்டன. சமையலறையிலிருந்து வாசல் வரை, வாசலிலிருந்து சமையலறை வரை. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"நடக்கறனுங்க," என்றாள். "கையும் சரியாப் போச்சு. எப்ப வர்றீங்க?"

"இங்க வேலை கெடக்குது. நீ எங்கியாவது போய்ட்டு வா. அம்மா ஊட்டுக்குப் போ."

"வர மாட்டீங்களா?"

தேவசகாயம் அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். பம்ப் துளியும் அதிரவில்லை. நல்லா வந்திருக்கு என்றார்.

"நீங்க வர்ற வரைக்கும் நான் எங்கியும் போவ மாட்டனுங்க," என்றாள் மரகதம்.

போனில் காலடிச் சத்தம் நின்றுவிட்டது.