தவளைக்கும் ஒரு சட்டம்

என் மனைவி தாட்சாயினி அமெரிக்க அரசியலமைப்புச் சட்டம் படிக்கிறாள். சிரிக்க வேண்டாம். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், டூங்கபியிலிருந்து ரயிலில் போய்வரும் நேரமெல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடத்தைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்பாள். "நாங்கள் இருக்கிறது சிட்னியிலை. உமக்கேன் அமெரிக்கா?" என்றால், "நல்ல சட்டம் எங்கை இருந்தாலும் நல்லதுதானே" என்பாள்.

அந்தப் படிப்புக்கும் ஒரு நாள் வந்தது. பெண்டில் ஹில்லில் ஒரு வெள்ளைக் கார் ஒரு கிழவரை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டதாம். கண்டவர் சொன்ன இலக்கத்தில் பாதி என் காரோடு பொருந்தியதாம். என் பம்பரில் நசிவு வேறு. அது வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் கம்பத்தில் நானே இடித்துக்கொண்டது, ஆனால் யார் நம்புவது? விசாரணைக்கு வரச் சொன்னார்கள். நான் பஸ் ஓட்டுகிறவன். லைசென்ஸ் போனால் வேலை போச்சு, வேலை போனால் வீடும் போச்சு.

"இஞ்சருங்கோ, அஞ்சாவது திருத்தம் எண்டு சொல்லிப்போட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கோ," என்றாள் தாட்சாயினி. "தனக்கெதிராத் தானே சாட்சி சொல்லச் சொல்லி ஒருத்தரையும் நெருக்கேலாது. தவளை தன் வாயால கெடும் எண்டு நாங்கள் பழமொழியோடை விட்டிட்டம். அமெரிக்காக்காரன் அந்தத் தவளைக்கும் ஒரு சட்டம் போட்டிருக்கிறான்."

வீட்டில் எனக்கு நல்ல வாய். தேத்தண்ணிக்குச் சீனி குறைந்தாலே தெருவுக்குக் கேட்கும். ஆனால் சீருடையைக் கண்டால் என் வாயில் மிஞ்சுவது ஆமாம் என்கிற 'ஓம்' ஒன்றுதான். இருபது வருடத்துக்கு முன் கொழும்பில் ஒரு விசாரணை அறையில் படிந்த பழக்கம் அது. அங்கே 'இல்லை' என்றேன், அடித்தார்கள். பேசாமல் இருந்தேன், அதற்கும் அடித்தார்கள். தண்ணீர் கேட்டேன், தரவில்லை. கடைசியில் சிங்களத்தில் என்ன கேட்கிறார்கள் என்றே விளங்காமல் 'ஓம்' என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு வருடம் உள்ளே இருந்தேன்.

இங்கே பொலிஸ்காரர் இளவயதுக்காரர். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளராக ராதா என்று ஒரு பெண். திருச்சிக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. போயும் போயும் இந்தியத் தமிழா, என்னுடைய கதை இவவுக்கு எங்கே விளங்கப்போகிறது என்று மனதுக்குள் எரிந்தேன்.

பொலிஸ்காரர் சொன்னதை ராதா தமிழில் சொன்னார். "நீங்க எதுவும் சொல்லணும்னு கட்டாயம் இல்லை. சொன்னா, அதைச் சாட்சியமா எடுத்துக்கலாம். புரியுதா?"

"அஞ்சாவது திருத்தம்!" என்று கத்தியேவிட்டேன்.

ராதா அதையும் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். பொலிஸ்காரர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "அது அமெரிக்காவுல சார். ஆனா பேசாம இருக்கிற உரிமை உங்களுக்கு இங்கேயும் உண்டு. அதைத்தான் இப்போ சொன்னேன்" என்று ராதா வழியாகப் பதில் வந்தது.

வெட்கம் பிடுங்கித் தின்றது. இனிச் சத்தம் போடாமல் கேட்போம் என்று இருந்தேன். ஆனால் கேட்கிறேன் என்பதை எங்கள் ஆட்கள் எப்படிக் காட்டுவது?

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நீங்க பெண்டில் ஹில்ல கார் ஓட்டிட்டு வந்தீங்க."

"ஓம்."

"ஒரு பெரியவரை இடிச்சீங்க."

"ஓம்."

"நிக்காம போயிட்டீங்க."

"ஓம், ஓம்."

பொலிஸ்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எல்லாம் ஒலிப்பதிவாகிக்கொண்டிருந்தது. என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, கடல் கடந்து வந்தும் அதே சொல்லிலா விழ வேண்டும்?

ராதா கையை உயர்த்தினார். முதலில் ஆங்கிலத்தில் சொன்னார், பிறகு எனக்கும் விளங்கவேண்டும் என்று தமிழில் சொன்னார். "மொழிபெயர்ப்பாளர் ஒரு விளக்கம் சொல்லணும். இலங்கைத் தமிழ்ல 'ஓம்'னா ஆமான்னு அர்த்தம். ஆனா 'கேக்கிறேன், மேல சொல்லுங்க'ங்கிறதுக்கும் அதே 'ஓம்'தான். இவர் எதைச் சொன்னார்னு என்னால உறுதியாச் சொல்ல முடியலை. தயவுசெய்து திருப்பிக் கேளுங்க."

பொலிஸ்காரர் யோசித்தார். பிறகு பொறுமையாக, "பதில் சொல்லித்தான் ஆகணும்னு இல்லை" என்று மறுபடியும் நினைவூட்டிவிட்டுக் கேட்டார். "அந்தப் பெரியவரை இடிச்சது நீங்களா?"

கண்ணை மூடினேன்.

"இல்லை," என்றேன்.

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு இருந்தேன். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தால், பொலிஸ்காரர் தலையை ஆட்டிக்கொண்டு காத்திருந்தார்.

பிறகு நானாகவே, ஆரும் நெருக்காமல், வாய் திறந்தேன். "அந்த நேரம் நான் பஸ் ஓடிக்கொண்டிருந்தனான். கார் டிப்போவிலை நிண்டது. அங்கை கமரா இருக்கு, கேட்டுப் பாருங்கோ."

அவர் எழுந்துபோய்த் தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார். கார் அன்று இரவுவரை டிப்போவை விட்டு அசையவில்லை என்று கமரா பார்த்துச் சொல்லிவிட்டார்களாம். வீட்டுக்குப் போகலாம் என்றார். ராதாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். "நீங்கள் நல்லா இருக்கவேணும் பிள்ளை," என்றேன்.

"நீங்க சொன்னதை நீங்க சொன்ன மாதிரியே கொண்டுபோய்ச் சேர்க்கிறதுதாங்க என் வேலை," என்றார் ராதா. "கிரவீன்ல என் பக்கத்து வீட்டு இலங்கை ஆன்ட்டி போன்ல நாள் முழுக்க 'ஓம் ஓம்'னுதான் பேசுவாங்க. அதெல்லாம் சம்மதம்னா இந்நேரம் வீட்டையே வித்திருப்பாங்க."

என் முகத்தைப் பார்த்த பொலிஸ்காரர் ஏதோ கேட்டார். ராதா திரும்பினார். "குடிக்கத் தண்ணி வேணுமான்னு கேக்கிறார்."

இருபது வருடத்துத் தாகம்.

"ஓம்," என்றேன்.

இந்த முறை ராதா விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை.