கூப்பிட்டால் மட்டும் பேசவும்

அறிவியல் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் ரேடியோ. பாடம் முடிந்து மணி அடித்த பிறகும் அவரிடம் இரண்டு வாக்கியம் பாக்கி இருக்கும். அதையும் வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போவார். அந்தப் பெயர் அவர் காதுக்கும் வந்தது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

எங்கோ பயிற்சிக்குப் போய் வந்த தலைமையாசிரியர், இனிமேல் வகுப்பை எப்படி நடத்துவதென்று பிள்ளைகளே முடிவு செய்யட்டும் என்றார். ரேடியோவும் ஒன்பதாம் வகுப்புக்குப் போய், "விதியெல்லாம் நீங்களே போடுங்க. நான் கட்டுப்படறேன்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவைத்தார். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

"இதுக்கு மார்க் உண்டா மிஸ்?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும் மளமளவென்று வேலை நடந்தது. யாராக இருந்தாலும் கை தூக்க வேண்டும், தலைவி கூப்பிட்டால் மட்டும் பேச வேண்டும், டீச்சருக்கு இடம் கடைசி பெஞ்சு. தலைவி, வீட்டில் அண்ணன்மாரை எல்லாம் ஆட்டிப்படைக்கிற ஒரு பெண். அவளை ஜட்ஜம்மா என்பார்கள்.

இரண்டே நாளில் கெஞ்சிக்கொண்டு வருவார்கள் என்று டீச்சர் காத்திருந்தார். ஒரு குஞ்சும் வரவில்லை. அகப்பட்டது அவருடைய வீட்டுக்காரர்தான். பாவம் மனிதர், சோற்றைப் பிசைந்துகொண்டே மின்சாரப் பாடம் முழுவதையும் கேட்டு முடித்தார்.

அந்தப் பாடத்தில் தேர்வும் வந்துவிட்டது. மதிப்பெண் சறுக்கினால் அடுத்த வருடம் இந்த வகுப்பு உங்களுக்குக் கிடையாது என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். சுதந்திரம் கொடுக்கச் சொன்ன அதே வாய்தான். டீச்சருக்கோ ஆறாம் வகுப்பிலிருந்து கூட்டி வந்த பிள்ளைகளை விட மனசே இல்லை.

தேர்வுக்கு முதல் நாள் கரும்பலகையில் ஒரு கேள்வி. ஒரே மாதிரி இரண்டு பல்பை ஒரே கம்பியில் அடுத்தடுத்து மாட்டினால் எது பிரகாசமாக எரியும்?

"முதல் பல்புதான். அண்ணன் சாப்பிட்டது போக மிச்சம்தானே தம்பிக்கு!" என்றான் ஒருவன். நியாயமாகப் பட்டது. ஜட்ஜம்மா ஓட்டெடுத்தாள். முதல் பல்பு அமோக வெற்றி. பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டாகிவிட்டது.

தேர்விலும் இதையே எழுதுவார்களே! டீச்சர் கையைத் தூக்கினார்.

"முன் பெஞ்சு முடியட்டும் மிஸ்" என்றாள் ஜட்ஜம்மா.

முன் பெஞ்சு முடிகிற வழியாக இல்லை. டீச்சருக்குத் தோள் கடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், உயரத்தினால் எப்போதும் கடைசி பெஞ்சுக்கே தள்ளப்பட்ட கொக்கு.

"இன்னொரு கையால முட்டுக் குடுத்துக்குங்க மிஸ். வலி தெரியாது" என்றாள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"உங்க க்ளாஸ்ல பழகினதுதான்."

குறை சொல்கிற குரல் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரல். டீச்சருக்குச் சுருக்கென்றது. இந்தப் பெண் பேசி எப்போது கேட்டோம் என்று யோசித்துப் பார்த்தார். பெயர் கூப்பிடும்போது "பிரசன்ட் மிஸ்" என்பாள். அதற்கு மேல் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"மிஸ், இப்ப நீங்க சொல்லுங்க" என்றாள் ஜட்ஜம்மா.

பதில் நாக்கு நுனியில் நின்றது. டீச்சர் அதை மாத்திரை மாதிரி விழுங்கினார்.

"எனக்கு முன்னாடியே இவ கை தூக்கியிருக்கா."

"எப்ப? நான் பாக்கலையே மிஸ்."

"நானும்தான் பாக்கல."

கொக்கு நிதானமாக எழுந்தாள். "ஓட்டு எதுக்கு? மாட்டிப் பாத்துடலாமே. பல்பு, பேட்டரி எல்லாம் அலமாரிக்குள்ள சும்மாத்தானே கிடக்கு."

அலமாரிச் சாவி டீச்சரின் கைப்பையில் இருந்தது. பாடம் சொல்லவே நேரம் போதாததால் இந்த வகுப்புக்கு அதைத் திறந்ததே இல்லை. இப்போது திறந்தார். கொக்கு கம்பியை முறுக்கி மாட்டினாள். இரண்டு பல்பும் கொஞ்சம்கூட வித்தியாசமில்லாமல் எரிந்தன. "அடப்பாவி!" என்றது வகுப்பு. ஜட்ஜம்மா முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு பலகையை அழித்தாள்.

இனி யாருக்கும் இது மறக்காது. டீச்சருக்கு உயிர் வந்தது.

"பிரமாதம் போ! இது எப்படித் தோணுச்சு உனக்கு?"

"ஏழாவதுலயே தோணுச்சு மிஸ்" என்றாள் கொக்கு, கம்பியைச் சுருட்டிக்கொண்டே. "நீங்க பேசி முடிக்கட்டும்னு இருந்தேன்."